ஓடாத வண்டியின் டிரைவர்

மனிதகுலம் இதுவரை செய்த மோசடிகளிலேயே ஆகப் பெரியது ஓடாத வண்டிக்கு ஒரு டிரைவரை வேலைக்கு வைத்ததுதான், போர், பஞ்சம், பாலில் தண்ணீர் எல்லாம் அதற்கடுத்த படிதான், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டியபடி ரயில் அருங்காட்சியகத்தின் டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்தார் அவர்... அதுவும் என்ன வரிசை, வண்டி ஓடிய காலத்தில் டிக்கெட் எடுக்காமல் ஏறிக் கழிப்பறைக்குள் ஒளிந்தவர்களின் வாரிசுகள் எல்லாம் இப்போது ஓடாத வண்டியைப் பார்ப்பதற்கு டிக்கெட் எடுத்து, பிள்ளைகுட்டிகளோடு, வெயிலில், என்ன ஒழுங்கு, என்ன அடக்கம்... ஆயுளில் பாதியைத் தண்டவாளத்தின் மேல் கழித்தவர் அவர், சரக்கு வண்டியில் தொடங்கி விரைவு வண்டி வரைக்கும் ஓட்டி, எல்லாரும் கைதட்டி வழியனுப்பி ஒரு மழைக்காலம்கூட முழுதாகக் கழியவில்லை, அப்பேர்ப்பட்டவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண், "பெரியவங்க ஒண்ணா?" என்று கேட்டாள். ஒன்றுதான் அம்மா, என்னைப் போல இன்னொன்று இனிமேல் செய்யமாட்டார்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு, காலையில் செருப்பை மாட்டும்போது மனைவி போட்ட உத்தரவு, "போங்க, கண்ணாரப் பாத்துட்டு வாங்க, ஆனா அங்க போயி வாயை மட்டும் தொறந்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"... ஆகவே ஒரு விரலை மட்டும் காட்டினார். அந்தப் பெண் அவரை வாய் பேச முடியாதவர் என்று நினைத்து, சலுகை டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுத்தாள். அதையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பார்க்க வந்தது என்ஜினை அல்ல, மாப்பிள்ளையை... சே, மாப்பிள்ளை என்று இன்னும் எவனும் ஆகிவிடவில்லை, ஆகப்போவதும் இல்லை, மகளுக்குப் பிடித்திருக்கிற பையனை, அவ்வளவுதான். எல்லாம் அவள் சொன்ன விதத்தால் வந்த வினை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடி, "அவரும் என்ஜின்லதான்ப்பா வேலை பாக்கறாரு" என்று ஒரே ஒரு வரி, இவருக்கு அன்றைக்கு உள்ளே போன சோறு கணக்கில்லாமல் போனது, நம் லைன் பையன், நம் ரத்தமே தேடிப் பிடித்திருக்கிறது பார் என்று அடுத்த நாளே பூங்காவில், ஓய்வுபெற்றவர்கள் உட்காரும் பெஞ்சில், ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி அறிவித்தும் விட்டார்... பழைய ரயில் கார்டு ஒருவர் உண்டு அந்தக் கூட்டத்தில், பணியில் இருந்தபோது இவர் வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து வந்த ஆள், கடைசிப் பெட்டிப் புத்தி, அவர்தான் "எந்த ஷெட்டு?" என்று, எந்த ஊர் என்ஜின் கொட்டகையில் வேலை என்று கேட்டது. அதைக் கொண்டுபோய் இவர் மகளிடம் கேட்க, அவள் "மியூசியம்ப்பா" என்றாள். மியூசியம். கார்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, "குடுத்து வெச்ச ஆளுய்யா நீ, உன் மாப்பிள்ளை வண்டி லேட்டாவே வராது"... பெஞ்சு முழுக்கக் குலுங்கியது. அதற்குப் பிறகு இவர் பூங்கா பக்கம் போகவில்லை. மகளோடும் பேசவில்லை, அவளோ அழவில்லை, சண்டை போடவில்லை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், யாருக்கு எது கொதிக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும் போலிருக்கிறது, நேற்று வாசலில் நின்று நிதானமாகச் சொன்னாள், "நீங்க வேணாம்னா வேணாம்ப்பா, அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். ஆனா பாக்காமச் சொல்லக் கூடாது. நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து கேப்பேன்"... வேண்டாம் என்றால் வேண்டாமாம். சண்டை போட்டிருந்தால் இவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். சொன்னபடி செய்துவிடுவாள், ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள், பிறகு தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள்... இருக்கட்டும். பதில் முடிவாகிவிட்டது, வேண்டாம்தான். ஆதாரம்தான் பாக்கி, அதைச் சேகரிக்கத்தான் இந்தச் சலுகை டிக்கெட்.

ஆதாரத்துக்கு உள்ளே பஞ்சமே இல்லை. முதல் கொட்டகையில் நுழைந்ததும் கண் கூசியது, என்ஜின்களுக்குக் கல்யாணப் பெண் மாதிரி அலங்காரம், பித்தளையெல்லாம் பளபள, சக்கரத்துக்குச் சிவப்பு வர்ணம், வேலை பார்த்த என்ஜின் எதுவாவது இப்படி இருக்குமா, எண்ணெய் வழியாத என்ஜினும் என்ஜினா... பெட்டியோடு முட்டும்போது இடியை வாங்கிக்கொள்ளும் முன்பக்க இடிதாங்கியின் மேல் யாரோ பூந்தொட்டி வைத்திருந்தார்கள், இடிதாங்கியின் மேல், பூந்தொட்டி! பலகைகள் வேறு, 'தயவுசெய்து தொடாதீர்கள்', தொடாமல் எப்படி ஐயா ஓட்டினார்கள் அதை, மந்திரம் போட்டா... எல்லாவற்றுக்கும் மேல் இந்த ஜனங்கள். ஒவ்வொரு என்ஜின் முன்னாலும் ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரிய மனிதன், அவன் ஏறி நின்று, இல்லாத சங்கிலியை இழுக்கிற மாதிரி கையைத் தூக்கி, வாயைக் குவித்து "கூ..." என்கிறான், மனைவி படம் எடுக்கிறாள், பிள்ளைகள் வெட்கப்படுகின்றன. இப்போதுகூடப் பாருங்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு கண்ணாடிக்காரன், ஏதோ அலுவலகத்தில் பலபேரை மிரட்டுகிறவனாகத்தான் இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு "கூ... சுக்கு சுக்கு" என்று தோளை ஆட்டுகிறான்... சம்பளம் வாங்குகிற ஆண்பிள்ளை! வாயால் விசில் ஊதுகிறவனுக்கு வாக்குரிமை கொடுக்கக் கூடாது, தேர்தல் சாவடியிலேயே ஊதச் சொல்லிப் பரிசோதித்து அனுப்பிவிட வேண்டும். அந்தக் கண்ணாடிக்காரன் இறங்கும்போது இவரைப் பார்த்துச் சிரித்து, "நீங்களும் ஏறுங்க சார், சும்மா ஒரு ஜாலிதானே" என்றான். இவர் அவனைப் பார்த்த பார்வையில் வர்ணம் உரிந்திருக்கும்.

பையன் கொட்டகைகளுக்கு அப்பால் திறந்த வெளியில், கூடியிருந்த ஜனங்களுக்கு டிரைவர் வேடத்தில் காட்சி நடத்திக்கொண்டிருந்தான். அங்கே துண்டுத் தண்டவாளம் ஒன்று, எங்கிருந்தும் வராமல் எங்கேயும் போகாமல், அதன் மேல் கறுப்பாக, பெரிதாக, ஒரு நீராவி என்ஜின், எதிரே சற்றுத் தள்ளி ஒரு கைகாட்டி மரம், அதற்கும் பின்னால் சுற்றுச்சுவர், சுவருக்குப் பின்னால் யார் வீட்டுத் துணியோ காய்ந்துகொண்டிருந்தது. இவர் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டார், தொப்பையில் பாதி தூணுக்கு வெளியே நின்றது, பரவாயில்லை. என்ஜினின் சன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே சாய்ந்திருந்தான் அவன், நீலநிற வேலை உடுப்பு, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, எதற்கு ஐயா கைக்குட்டை, கரி பறக்கிறதா, புகை அடிக்கிறதா, வியர்வைதான் வருகிறதா... எழுதிக்கொள், ஒன்று, நாடகக்காரன். நகம் சுத்தம், கைகாட்டிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், எந்த டிரைவராவது பாதைக்கு முதுகைக் காட்டுவானா. ஆள் பார்க்கத் திருத்தமாகத்தான் இருக்கிறான்... அது ஒரு குற்றமா என்றால் குற்றமில்லை, ஆனால் குறித்து வைக்கலாம். "இது எவ்ளோ வேகம் போகும் அங்கிள்?" என்று ஒரு குரல் கீழிருந்து கேட்டது, "இப்பவா? இப்ப சுத்தமா நகராது. ஆனா எங்க மேனேஜரை விட வேகமாத்தான் வேலை பாக்குது" என்றான், கூட்டம் சிரித்தது, இவருக்கும் உதட்டோரம் லேசாக... இல்லை, கொசு. எழுதிக்கொள், இரண்டு, மேலதிகாரியைப் பொதுஇடத்தில் கிண்டல் செய்கிறவன். பூங்கா பெஞ்சில் இவர் சொல்லாத மேலதிகாரிக் கதையா, ஆனால் அது ஓய்வுக்குப் பிறகு, அது வேறு.

"எல்லாரும் ரெடியா? நான் கேப்பேன், நீங்க கைகாட்டியைப் பாத்துச் சொல்லணும். சிக்னல் என்ன?" என்று பையன் கத்தினான். கூட்டத்தில் ஒருவர்கூடக் கைகாட்டியைப் பார்க்கவில்லை, எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டு, எல்லாருக்கும் வண்டி கிளம்ப வேண்டும் என்கிற ஒரே ஆசையில், ஒரே குரலில் "பச்சை!" என்றார்கள். அவன் நீராவியைத் திறக்கும் கைப்பிடியைப் பிடித்தான்... இவர் பார்த்தார். கைகாட்டியின் கை நீட்டிக்கொண்டுதான் நின்றது, மரத்தின் உச்சியில், குறுக்கே, விறைப்பாக, சிவப்பாக, நில் என்று. ஒருவேளை காட்சி தொடங்கும்முன் கம்பியை இழுத்துக் கையைச் சாய்க்க மறந்திருப்பான், அல்லது கம்பி வழுக்கியிருக்கும், எதுவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும், செத்த என்ஜின், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துச் சிமெண்ட் பூசிய என்ஜின், சுவர் வரைக்கும்கூடப் போகாது, பேசாமல் இரு, மனைவி சொன்னாள் அல்லவா, பேசாமல் இரு... ஆனால் கை கேட்டால்தானே, வலது கை காற்றில் பிரேக்கைத் தேடியது, சிவப்பைத் தாண்டப்போகிறான், என் கண் முன்னால், இத்தனை ஜனம் பச்சை பச்சை என்று பொய் சொல்லி, ஒருத்தனுக்குமா கண் இல்லை... "சிகப்பு!"

அது அவர் குரல்தான். என்ஜின் இரைச்சலையே தாண்டிப் பழகிய குரல், ஒரு அருங்காட்சியகத்தின் அமைதியில் விடப்பட்டால் என்ன ஆகும், தொட்டியின் மேலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின, எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது, கூட்டம் முழுவதும் திரும்பித் தூணையும் தூணுக்கு வெளியே நின்ற தொப்பையையும் பார்த்தது. இனி ஓடவும் முடியாது. பையன் சிரித்து மழுப்புவான், அல்லது முறைப்பான், எழுதிக்கொள், மூன்று... அவன் இரண்டும் செய்யவில்லை. சட்டென்று திரும்பிக் கைகாட்டியைப் பார்த்தான், கைப்பிடியை விட்டான், பிறகு கையை நீட்டி, தொழிலில் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்கிற அந்த உரத்த, உணர்ச்சியற்ற குரலில், "சிகப்பு" என்றான். வண்டி நின்றது, அதாவது நின்றுகொண்டிருந்த வண்டி நின்றது. கண்ணாடிக்காரன் எப்போது இங்கே வந்து சேர்ந்தானோ, "ஏங்க, நிக்கிற வண்டிதானே, எங்க போயிடப் போவுது? சும்மா கிளப்புங்க" என்றான். "அது சரிங்க சார், ஆனா சிகப்பைத் தாண்டினா எனக்கு வீட்டுல சோறு கிடையாது" என்று பையன் சொல்ல, மறுபடியும் சிரிப்பு, "கம்பி கழண்டிருக்கு, சரி பண்ணிட்டு அடுத்த காட்சி, எல்லாரும் ஏதாவது குடிச்சுட்டு வாங்க"... எந்த வீட்டில்? எந்த வீட்டில் சோறு கிடையாதாம்? இன்னும் வீடே ஆகவில்லை, அதற்குள் சோற்றுக்கு வந்துவிட்டான். ஆனால் இவரால் அந்தக் கோபத்தை முழுசாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கை... அந்தக் கை ஏன் அப்படி நீண்டது?

கையைத் தோளிலிருந்து நேராக நீட்ட வேண்டும், அதுதான் முறை, உதவி டிரைவராகச் சேர்ந்த முதல் நாளே நீட்டிக் காட்டி விடுவார்கள், புத்தகம் பார்த்துப் படித்தவன்கூட நேராகத்தான் நீட்டுவான். இவன் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, உள்ளங்கையை மட்டும் வெளியே தள்ளினான், அக்குளுக்குள் பாதி கை மாட்டிக்கொண்டவன் மாதிரி. உலகத்தில் எந்த டிரைவரும் அப்படி நீட்டுவதில்லை, ஒருத்தியைத் தவிர... இவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள், வீதி விளக்கைப் பார்த்து இவர் பழக்கதோஷத்தில் "பச்சை" என்றால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை, தானாகவே முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வரும், இவருடைய அக்குளுக்கு அடியில் நுழைந்து, முழங்கை இவர் விலாவில் இடிக்க, உள்ளங்கை மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க, "பச்சை!"... "கை நேரா நீளணும்டி" என்பார், "அதுக்கு மேல நீளமாட்டேங்குதுப்பா, நீங்கதான் குறுக்க இருக்கீங்க" என்பாள். அதன் பிறகு கை வளர்ந்தது, அவள் தனியாக வண்டி ஓட்டினாள், வீட்டில் அந்த வார்த்தைகள் மட்டும் தங்கிப்போயின, குளியலறை காலியா, "பச்சை", அடுப்பில் பால், "மஞ்சள்", ஒருநாள் இவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு தாயும் மகளும் தாழ்வான குரலில், அப்பா எப்படிம்மா இருக்காரு, ரெட்டை மஞ்சள், பாத்துப் போ... திருட்டுக் கூட்டம். ஆனால் கை? குறுக்கே இவர் இல்லாதபோதும் அவள் கையை அப்படித்தான் நீட்டுகிறாளா இன்னமும், யாருடைய வண்டியில், எந்த வீதியில், அதைப் பார்த்து ஒருவன் இதுதான் சரி என்று நம்பி, அதையே தொழில்முறை என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு... தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தப்பைத் திருத்தாமல் அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறான். இதை எந்த எண் போட்டு எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கூட்டம் நிழல் பார்த்துக் கலைந்தது. பையன் ஒரு குறடை எடுத்துக்கொண்டு என்ஜினிலிருந்து இறங்கி, கைகாட்டியின் கம்பி போகும் வழியைப் பிடித்தபடி கொட்டகையின் பின்பக்கமாக நடந்தவன், தூணருகே ஒரு நொடி நின்றான், மரியாதையான தூரத்தில். "நல்லவேளை சொன்னீங்க சார். மேல ஏறிப் பாக்கறதுன்னா பாருங்க, யாரும் இல்ல. அந்த ரெண்டாவது படி மட்டும் கொஞ்சம் உயரம், வலது முட்டியை ஊனாம ஏறுங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டான். வலது முட்டி! வலது முட்டியின் விவகாரம் வீட்டு நாலு சுவருக்குள் இருக்கிற விவகாரம், டாக்டருக்கே இவர் இடது என்று மாற்றிச் சொல்லிப் பிறகு திருத்திய விவகாரம், அது இவன் வரைக்கும் வந்திருக்கிறதென்றால் இன்னும் என்னென்ன வந்திருக்கும், குறட்டை, கார்டு, பெஞ்சு, சோறு... தெரிந்துகொண்டேதான் "சார்" என்றானா? அங்கிள் இல்லை, மாமா இல்லை, பல்லிளிப்பு இல்லை, சார். இந்த அவமானத்துக்கு ஒரு பதில் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் இடது காலை முதலில் வைத்து ஏறினார்.

உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. இரும்பின் வாசனை, அதன் மேல் புது வர்ணத்தின் வாசனை. கரி போடும் வாயை வெல்டிங் வைத்து மூடியிருந்தார்கள், அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது, ஓரத்தில் டிரைவருக்கு ஒரு துண்டு மரப்பலகை, இதிலா உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார்கள்... இவர் வேலைக்குச் சேர்ந்தபோது நீராவி என்ஜின்களைக் கயிறு கட்டி இழுத்துப்போய்க்கொண்டிருந்தார்கள், ஒன்றில்கூட ஏறியதில்லை, கரிவண்டி ஓட்டியிருக்கீங்களா என்று கேட்கிறவர்களிடம் ஆயுள் முழுக்க "ம்" என்று மட்டும் சொல்லி ஒப்பேற்றியாகிவிட்டது. உட்கார்ந்தார். பலகை உடம்புக்கு ஒத்துக்கொண்டது, அதுதான் எரிச்சல். கை போய்க் கைப்பிடியின் மேல் தானாக உட்கார்ந்தது, தலை சன்னலுக்கு வெளியே போனது, எதிரே கைகாட்டி, இன்னும் சிவப்பு. பொழுது சாய அவள் வருவாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பாள், பார்த்தீங்களாப்பா... பார்த்தேன். என்ன பார்த்தேன்? நாடகக்காரன், சரி, மேலதிகாரியைக் கிண்டல் செய்கிறவன், சரி, மூன்று என்ன, மூன்றாவதாக என்ன எழுதினோம்... கையைத் தப்பாக நீட்டுகிறான் என்று சொன்னால் அவள் சிரிப்பாள், பிறகு சிரிக்க மாட்டாள், பிறகு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள். கைகாட்டி நகரவில்லை. கம்பியோடு எங்கே மல்லுக்கட்டுகிறானோ, குறடைப் பிடிக்கத் தெரிந்த கைதானா அது, கொட்டகைக்குப் பின்னாலிருந்து சத்தமே இல்லை, இங்கே ஒரு வண்டி காத்துக்கொண்டு நிற்கிறது என்கிற நினைப்பாவது அவனுக்கு இருக்கிறதா? சிவப்பில் நிற்கும் வண்டி சும்மா நிற்கக் கூடாது, நான் இங்கே நிற்கிறேன் என்று நீளமாக ஒரு விசில் கொடுக்க வேண்டும், அது டிரைவருடைய கடமை, அதில் சொந்த விருப்புவெறுப்புக்கு இடமே கிடையாது. தலைக்கு மேல் தொங்கிய விசில் சங்கிலியை இழுத்தார். மறுமுனை எதிலும் மாட்டியிருக்கவில்லை, அது சத்தமில்லாமல் கையோடு வந்தது. அவர் இந்தப் பக்க சன்னல் வழியாகப் பார்த்தார், அந்தப் பக்க சன்னல் வழியாகவும் பார்த்தார், கண்ணாடிக்காரன் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தான், வேறு யாரும் இல்லை... உதட்டைக் குவித்து, மெதுவாக, "கூ..."

பதில் இல்லை. கேட்டிருக்காது, இவ்வளவு தாழ்வாகக் கொடுத்தால் யாருக்குக் கேட்கும், இது விசிலா, மூச்சா... அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார், நிமிர்ந்து உட்கார்ந்தார், கண்ணைச் சிவப்பிலிருந்து எடுக்காமல் இன்னொரு முறை, இந்த முறை முறைப்படி, நீளமாக.